விபூதி பூசிய ரம்பம்

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் செங்கல்பொடி போட்டுத் தேய்ச்சீங்களாக்கும்? கம்பெனி பேரே கரைஞ்சு போச்சு," என்றார் பழம்பொருள் வியாபாரி ஞானவடிவேல், மாமனாரின் கைரம்பத்தை விற்க வந்த கோமளாவிடம். சீமை ரம்பத்தையும் தோசைக்கல்லையும் ஒன்றாகப் பார்க்கும் ஜென்மங்கள்.

சாமி படத்தடியில் இருந்த விபூதியை எடுத்து இரும்பில் தடவி ஊதினார். தேய்ந்த பள்ளங்களில் வெள்ளை தங்கி ஒரு கிரீட முத்திரை எழுந்து வந்தது. நடுமுனை உடைந்த கிரீடம். உள்ளூர்ப் பட்டறை ரம்பங்களைச் சீமைச் சரக்காகக் காட்ட, இளவயதில் அவரே அடித்துவந்த போலி முத்திரை அச்சில் உடைந்திருந்த அதே முனை.

"மாமா ஆசை ஆசையா வாங்குனது. யாரு செஞ்சதுன்னு தெரியுதாங்க?"

ஞானவடிவேல் கட்டைவிரலால் விபூதியை அழுத்தித் துடைத்தார்.

"இன்னும் கொஞ்சம் நல்லா தேய்ச்சிருக்கலாம்," என்றார்.