வெள்ளிக்கிழமைப் பெயர்

நர்ஸ் கொனாடு சொன்னதை இந்த ஒன்பது வருடங்களில் ஒருநாள்கூட நான் முழுதாக நம்பியதில்லை.

கானா நாட்டின் குமாசியில் வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணெல்லாம் அஃபியாதான். என் மனைவியும் அஃபியா. அன்று ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தக்காளிக்காரியும் அஃபியா. இருவருக்கும் நெஞ்சுவலி.

அந்த ஆஸ்பத்திரிக்காக இதயப் பரிசோதனைகளின் செலவை ஒப்பிட்டு அறிக்கை எழுதியவன் நான்தான். 'ஒரு சி.டி. ஸ்கேன் செலவில் எட்டுப் பேருக்கு எக்கோ எடுக்கலாம். பெரும்பாலோருக்கு எக்கோவே போதும்.' அதன்பிறகு சி.டி.க்குப் போடும் ஊசி மருந்து வாரத்துக்கு ஒன்றுதான் வந்தது.

தெரிந்தவர்களிடம் சொல்லி, அந்த வார ஊசியை என் மனைவிக்கு வாங்கினேன். வரிசையில் முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை.

"ஏங்க, உங்க அறிக்கையில எனக்கு மட்டும் தனிப் பக்கமா?" அன்றிரவு சாப்பிடும்போது ஃபூஃபூக் களியைக் கிள்ளியபடி கேட்டாள்.

"அது ஊருக்கு எழுதினது. நீ பேசாம வா."

"நான் அந்த ஊருல இல்லையா?"

நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஊசியைத் தக்காளிக்காரிக்குப் போட்டுவிட்டார்கள்.

"கதவுகிட்ட நின்னு 'அஃபியாம்மா'ன்னு கூப்பிட்டேன் சார். அந்தம்மா எந்திரிச்சு வந்தாங்க. உங்க வீட்டம்மாவுக்குக் காதுல விழலை போல" என்றாள் கொனாடு.

இருபது வருடம் பள்ளியில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டவள் என் மனைவி. தன் பெயர் காதில் விழாதவளா?

அவளுக்கு எக்கோ எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

தக்காளிக்காரிக்கு சி.டி.யில் மூன்று அடைப்புகள் தெரிந்தன. பிழைத்துக்கொண்டாள்.

நான் புகார் எழுதிக் கொடுத்தேன். கொனாடுவை ஊருக்கு வெளியே ஒரு சின்ன மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். விசாரணையிலும் அவள் அதையேதான் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

போன வாரம்தான், முதல்முறையாக, அந்தத் தக்காளிக் கடைக்குப் போனேன். அவள் குனிந்து கூடையை அடுக்கிக்கொண்டிருந்தாள். விலை கேட்டேன். நிமிரவில்லை. சத்தமாகக் கேட்டேன்.

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள்.

"தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டா பெரியவரே. தொட்டுக் கூப்பிடுங்க. பொறந்ததுலேர்ந்தே அவளுக்குக் காது கேக்காது."

தக்காளி வாங்கவில்லை. நேரே கொனாடுவைத் தேடிப் போனேன்.

அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"கொனாடு, அன்னிக்கு அந்தம்மாவைத் தொட்டு எழுப்பி அனுப்பினது யாரு?"