சின்ன கேட்டு, பெரிய கேட்டு

அவள் வகுப்பறையைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்காகத்தானே வந்தோம்.

பிள்ளை சேர்க்கிற பெற்றோர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி மூன்று நாள் கத்தியிருந்தார்கள். அரசுப் பள்ளி. எங்கள் சாயக்காரத் தெருவிலிருந்து மட்டும் ஏழு பேர் போனோம். ஏழு பேரில் ஒருத்திக்கும் சேர்க்கிற வயதில் பிள்ளை கிடையாது. சொர்ணத்தின் கடைசி மகளுக்குப் போன மாதம்தான் வளைகாப்பு.

ஹெட்மாஸ்டர் சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலிகளைத் தானே தூக்கிப் போட்டார். ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல்.

சுண்டலில் உப்பு கம்மி. அது கிடக்கட்டும்.

அவள் எங்கள் தெரு மாடி வீட்டுக்குக் குடிவந்து பதினெட்டு நாள். ஒரு பெட்டி, ஒரு தையல் மெஷின், எட்டு வயதில் ஒரு பெண். கூட ஆம்பளை இல்லை. கழுத்தில் தாலி இருக்கிறது. காலில் மெட்டி இல்லை.

எங்களுக்குச் சோறு இறங்குமா?

நான்தான் அந்தப் பெண்ணுக்குச் சீடை கொடுத்து விசாரித்தேன். இரண்டு சீடை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதுக்குச் சொன்னது.

"நாங்க இங்க இருக்கோம்னு அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னைய மட்டும் தூக்கிட்டுப் போயிருவாரு. போன தடவ ஸ்கூல் வாசல்ல வச்சுத்தான் தூக்குனாரு."

விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லிவிடாதே என்று சொல்லித்தான் ஒவ்வொருத்தியும் சொன்னோம்.

ஹெட்மாஸ்டர் முன்னால் நடந்தார்.

"ஒண்ணாப்புல விட்டீங்கன்னா பன்னெண்டாப்பு முடிச்சுத்தான் வெளிய வருவாங்க. நடுவுல வேற பள்ளிக்கூடம் தேடி அலைய வேண்டியதில்ல."

சின்னப் பள்ளிக்கும் பெரிய பள்ளிக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. இந்தக் கோடையில்தான் இடித்தார்கள். தரையில் அதன் தடம் தழும்பு மாதிரி நீளமாகக் கிடந்தது.

ரெஜினா கக்கூஸ் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். சொர்ணம் ஆய்வுக்கூடத்து எலும்புக்கூடு ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டாள். ஹெட்மாஸ்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அவள் எதையும் தொடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், கேட்டு எத்தன?"

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "ரெண்டும்மா. அஞ்சாப்பு வரைக்கும் இங்கிட்டு, சின்ன கேட்டு. மூணே முக்காலுக்கு விட்ருவோம். பெரிய பிள்ளைங்க அங்கிட்டு, மார்க்கெட் ரோட்டுல, பெரிய கேட்டு. நாலேகாலுக்கு."

அவள் தலையாட்டினாள். மகள் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

சேர்க்கைத் தாளை நின்றபடியே எழுதினாள். நாங்கள் ஏழு பேரும் எட்டிப் பார்த்தோம். தந்தை பெயர் என்ற இடத்தைத் தாண்டிப் போனாள். ஹெட்மாஸ்டர் அதைக் கேட்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பிள்ளையை அழைத்துப்போக வருபவர். இரண்டு கோடு.

முதல் கோட்டில் தன் பெயர். இரண்டாவதில் பேனா நின்றது.

"ஒருநாள் ஒங்களால வர முடியலன்னா? எழுதிக் குடுத்த ஆளைத் தவிர யார் வந்தாலும் அனுப்ப மாட்டோம். இன்னொரு பேர் வேணும்மா."

அவள் நிமிர்ந்தாள். பதினெட்டு நாளில் முதன்முறையாக எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

அவள் பிளவுஸ் அளவுகூட எங்களுக்குத் தெரியும். அவளுக்கு எங்களில் ஒருத்தி பெயர் தெரியாது.

என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க பேரு என்ன?"

ஊரார் பெயரையெல்லாம் சொல்லித் திரிகிற நான், என் பெயரைச் சொன்னேன். இரண்டாவது கோட்டில் எழுதினாள்.

பள்ளி திறந்து ஒன்பதாம் நாள். அவளுக்குக் கல்யாணத் துணி தைத்துக் கொடுக்கிற அவசரம். பிள்ளையைக் கூட்டிவர நான் போனேன். சீக்கிரமே போய்விடுவது என் வழக்கம். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

சின்ன கேட்டில் எனக்கு முன்னால் ஒரே ஒருவன். வெளுத்த சட்டை. சிரித்த முகம். பைக்கை அணைக்கவில்லை.

செல்போனை நீட்டினான். படத்தில் மாடி வீட்டுப் பிள்ளை. இரட்டைச் சடை, முன்பல் இல்லாத சிரிப்பு.

"அக்கா, இந்தப் பிள்ளையத் தெரியுமா? மூணாப்பு. எந்த கேட்டு வழியா வரும்?"

சரியான ஆளிடம்தான் கேட்டான். சாயக்காரத் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கை காட்டுவார்கள்.

படத்தைக் கையில் வாங்கினேன். எட்டப் பிடித்தேன். கிட்டப் பிடித்தேன்.

"பிள்ளையத் தெரியல தம்பி. மூணாப்புன்னா அங்கிட்டுல்ல வரும்? மார்க்கெட் ரோடு, பெரிய கேட்டு. நாலேகாலுக்குத்தான் விடுவாங்க. வெயில்ல நிக்காதீங்க, எதுத்தாப்புல சர்பத் கடை இருக்கு."

"ரொம்ப நன்றிக்கா."

பைக் திரும்பியது. மணி அடித்தது.

ஓடி வந்தவள் முதலில் என் கையைத்தான் பார்த்தாள். சீடை இருக்கிறதா என்று. இருந்தது. அவளைப் பிடித்துச் சந்து வழியாக வேகவேகமாக நடந்தேன்.

குழாயடியில் சொர்ணம் குடத்தை இறக்கி வைத்தாள்.

"என்னடி இப்படி மூச்சு வாங்குது? என்ன சேதி?"

"ஒண்ணுமில்ல."

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பிள்ளையை முன்னால் விட்டு மாடிப்படி ஏறினேன். மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.