விடுப்பு

"இனி இந்த மனுசனோட நான் நடக்கப் போகமாட்டன்!"

வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி எறிந்தான் றம்ஸீன்.

"ஆரு, பக்கத்து வீட்டு மக்கீன் காக்காவா? என்ன செஞ்சார்?" சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள் மனைவி நதீரா.

"அவர் நடக்கவா வாறார்? விடுப்புக் கேக்க, ஊர்ப் புதினம் விசாரிக்க வாறார்! பத்தடிக்கு ஒருக்கா நிப்பார். கரைவலை இழுக்கிற ஆக்களிட்ட, 'என்ன மீன் பட்டிச்சி? மகள் சோதினை எப்படி எழுதினாள்?' எண்டு கேப்பார். மறுகா என்னைப் பிடிப்பார். 'இன்சுலின் போட்டியா? சாப்பிட்டியா?' அவ்வளவு பேருக்கும் முன்னால! என்ட சீனி வருத்தம் கடற்கரைக்கே தெரியணுமா?"

"அதுக்கு?"

"முகத்துக்கு நேரே சொல்லிட்டன். 'காக்கா, நாளையில இருந்து நான் தனியத்தான் நடப்பன். நீங்க உங்கட பாட்டப் பாருங்க' எண்டு."

மறுநாள் காலை. கல்முனைக் கடற்கரையில் தனி ராசாவாக நடந்தான் றம்ஸீன். கேள்வியில்லை, நிற்பாட்டல் இல்லை. அவசரத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தவன், சாப்பிட மறந்திருந்தான்.

திடீரென்று வேர்த்துக் கொட்டியது. மணல் ஒரு பக்கமாகச் சரிந்தது. முழங்கால் மடங்கியது.

"தம்பி விழப்போறார், பிடிங்க!"

யார் யாரோ ஓடிவந்து தாங்கினார்கள். அவன் வாய் திறக்கும் முன்னே ஒரு டொபி உள்ளே போனது. அடுத்ததை ஒருவர் உரித்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயோடு வந்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் சுற்றிப் பார்த்தான். எல்லாரும் வலை இழுக்கிறவர்கள். ஒருவரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

"எனக்கு என்னெண்டு... டொபிதான் தரணும் எண்டு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிளேன்டீயை ஆற்றிக் கொடுத்த அமிர்தலிங்கம் சிரித்தார்.

"நீங்க நேத்துக் கோவிச்சிட்டுப் போன கையோட மக்கீன் காக்கா டொபிப் பைக்கற்றோட ஓடி வந்தார் தம்பி. 'நாளைக்கு நான் பக்கத்தில இரிக்கமாட்டன். என்ட தம்பிய உங்கள்ள ஆரு பாத்துக்கொள்வீங்க?' எண்டு கேட்டார்."

றம்ஸீன் தலை குனிந்தான்.

"வலை இழுத்துக்கொண்டு நிண்ட நாங்க பதினெட்டுப் பேரும் கையைத் தூக்கினம் தம்பி. வலையை விட்டதில பாதி மீன் தப்பிட்டுது!"