திருக்கை வீரனின் மஞ்சள் அட்டை

படகு எஞ்சினுக்குக் காசு தேடிக்கொண்டிருந்த பஸ்தியானின் எத்தாளைக் கிராமத்து வீட்டுக்கு, புத்தளத்திலிருந்து அஸ்ஜத் வந்தான். பழைய சித்திரக்கதைகளைச் சேர்ப்பவன்.

"அண்ணன், 'திருக்கை வீரன்' முதலாம் இதழ் இருக்காம்?"

"ஓம் தம்பி. ஊர் முழுக்கச் சிவப்பு அட்டைதான். என்னட்ட இருக்கிறது மஞ்சள். போன மாதம் ஐயாயிரம், இப்ப பத்தாயிரம். இந்த ஒண்டுதான் மிச்சம்."

"மஞ்சள் என்னட்ட நாலு கிடக்கு. உடப்புல ரெண்டு, நுரைச்சோலையில ரெண்டு வாங்கினேன். எல்லாரும் 'இந்த ஒண்டுதான் மிச்சம்' எண்டுதான் தந்தாங்க."

"அப்ப என்னத்துக்கு வந்தீங்க?"

"சிவப்புக்குத்தான். நாடு முழுக்கத் தேடிட்டேன், ஒண்டுமே இல்ல. இருந்தா அம்பதாயிரம் தாரேன்."

பஸ்தியான் கதிரை விழ எழுந்து பின்வாசலுக்கு ஓடினார்.

"மாக்கிறட்! கருவாட்டோட வெயில்ல காயப்போட்ட புத்தகங்களை உடனே எடு!"

"அந்தரப்படாதீங்க!" கருவாட்டுப் பரணருகிலிருந்து மனைவி பெருமையாகக் கத்தினாள். "கடைசிச் சிவப்பும் இப்பதான் நல்ல மஞ்சளா வந்திருக்கு!"