திக்காத போன்

ஞானதுரைக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். ஓமனில் அவனுடன் வேலை பார்ப்பவர்கள் சொல்லிச் சொல்லி, புதுப் போன் வாங்கிவிட்டான். பழையதற்கு அப்டேட் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. புதுப் போன் திக்கலைச் சரிசெய்துதான் குரலை மறுமுனைக்கு அனுப்பும்.

அன்று மாலை தூத்துக்குடியில் அவன் மனைவி பியூலா போனை எடுத்தாள்.

“பியூலா, சாப்பிட்டியா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?”

ஒரே மூச்சில் வந்தது. அவளும் பதில் சொன்னாள். பேச வேண்டியதெல்லாம் சட்டென்று தீர்ந்துபோனது.

“பழைய போன வித்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. அது எப்ப வேணாலும் நின்னுரும். இதுல எவ்வளவு நல்லா பேசுறேன், பாரு.”

“நல்லாத்தான் பேசுறீங்க. லோன் வேணுமான்னு கேக்குறவங்க பேசுற மாதிரி இருக்கு. அது நிக்கிற வரைக்கும் அதுலயே கூப்பிடுங்க.”

சற்று நேரத்தில் மறுபடி போன் அடித்தது.

“பி… பி…”

பியூலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தன் பெயர் முழுசாக வந்து சேரும்வரை குறுக்கே பேசாமல் காத்திருந்தாள்.