உப்பில்லாத வீடு

"வாயைத் தொறந்து ஊதுங்க, பாப்போம்."

அன்னபூரணி வாசலை மறித்து நின்றாள். சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட விடவில்லை. பூமிநாதன் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

காரைக்கால் பக்கம் சாயங்காலமானால் புருஷன் வாயை மோந்து பார்க்கிற பெண்கள் அநேகம். அதெல்லாம் சாராயத்துக்காக. பூமிநாதன் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அன்னபூரணி தேடியது கருவாட்டு வாடையை. அது அவர் வாயைத் திறக்காமலே வந்தது.

"வாளைக் கருவாடுதானே?"

"ஒரே ஒரு துண்டு, பூரணி. ஆபீஸ்ல நம்ம ஜெகபர் சாதிக் டிபன்ல இருந்துச்சு. நம்ம வீட்டுக் கீரைய அவருக்குக் குடுத்தேன், அவரு பதிலுக்கு..."

"பண்டமாத்து வேறயா? உப்புல ஊறுன கருவாடுங்க அது! ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணையும் கண்ணால பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்து மாதத்துக்கு முன்னால், எழுபத்தொன்பதில் பொங்கல் கழிந்த கையோடு, தலைசுற்றல் என்று அவளைத்தான் பூமிநாதன் நெரவியிலிருந்து காரைக்காலுக்கு, சோமசேகரன் டாக்டரிடம் அழைத்துப் போனார். அவளுக்குச் சத்துக் குறைவாம், தினம் ஒரு மாத்திரை போதுமாம். வந்ததோடு வந்ததாக டாக்டர் பூமிநாதனையும் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். மனுஷன் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தார். ரத்தக் கொதிப்பு! உப்பைக் குறைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அன்றைக்கே ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. ரசத்தில் உப்புக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் கூடுதலாக விழுந்தது. தட்டில் சோறு பாதியாகி, கீரையும் பீர்க்கங்காயும் இரண்டு பங்காயின. மகள் அல்லி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அப்புறம் பழகிப்போனாள்.

பூமிநாதனுக்குப் புதிதாக ஒரு கிறுக்கும் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது அன்னபூரணியும் பக்கத்தில் உட்கார்ந்து, அதே பாத்திரத்திலிருந்து போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். "நீ தனியா உப்பு போட்டுத் தின்னா எனக்கு நாக்குல எச்சி ஊறும்" என்பார். எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியில் மிஞ்சியதை ஊறுகாயோடு பிசைந்து தின்றே பழகியவள் அவள். முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போக அந்தக் கிறுக்கு அவளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

அவர் தெம்பாகச் சைக்கிள் மிதித்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அம்பகரத்தூர் காளியம்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவாள். அன்று தனக்குத் தலை சுற்றியிராவிட்டால் அவர் வியாதி தெரிந்தே இருக்காதே என்று, அந்தத் தலைசுற்றலுக்குக்கூட நன்றி சொல்வாள். அப்படிக் காப்பாற்றி வைத்த மனுஷன்தான் இப்போது வாளைக் கருவாடு மணக்க மணக்க வந்து நிற்கிறார்.

"அஞ்சு மாசமா நாக்கைக் கட்டிப்போட்டு ஆக்கிப் போட்டேன். நீங்களே திருட்டுத்தனமா திங்கறப்ப எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து? நாளைலேருந்து இந்த வீட்ல உப்பு உண்டு. அப்பளம் உண்டு. எனக்கு ரெண்டு துண்டு கருவாடும் உண்டு!"

இவ்வளவு நேரம் அசட்டுச் சிரிப்போடு நின்றிருந்த பூமிநாதன் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"ஐயையோ, அது மட்டும் வேணாம் பூரணி! நான் இனிமே தொடவே மாட்டேன். அல்லி மேல சத்தியம்."

"சத்தியத்தை டாக்டர்ட்ட பண்ணுங்க. கெளம்புங்க."

அடுத்த பஸ்ஸில் இருவரும் காரைக்கால் போய் இறங்கினார்கள். டாக்டர் அறையில் அன்னபூரணி உட்காரக்கூட இல்லை. வாளைக் கருவாட்டுக் கதையை ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"வாளையா? வறுத்ததா, குழம்பா?" என்று சிரித்தார் சோமசேகரன் டாக்டர்.

"என்ன டாக்டர், சிரிக்கிறீங்க? ஒரு உசுரு டாக்டர்! இவருக்கு ஒண்ணுன்னா நானும் எம் பொண்ணும் எங்க போவோம்? எங்க வீட்டு வெளக்கையே நீங்கதான் காப்பாத்திக் குடுத்தீங்க. அந்த நன்றி எனக்குச் சாகிற வரைக்கும் இருக்கும். ஆனா இவருக்கே அக்கறை இல்லேன்னா எதுக்கு இந்தப் பத்தியம்? நாளைலேருந்து நானும் பழையபடி உப்பு போட்டுத்தான் திங்கப் போறேன்."

டாக்டரின் சிரிப்பு நின்றுபோயிற்று. பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்தார்.

"கையை நீட்டுங்கம்மா."

"எனக்கு எதுக்கு? அவருக்குப் பாருங்க."

"நீட்டுங்க சொல்றேன்."

பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, இறக்கி, மறுபடி ஒருமுறை ஏற்றிப் பார்த்தார். பூமிநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் முகத்தையே பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கு சார். இனிமே மறைக்க வேணாம், மறைச்சாத்தான் ஆபத்து" என்ற டாக்டர், அன்னபூரணி பக்கம் திரும்பினார்.

"சாருக்கு ரத்தக் கொதிப்பே கிடையாதும்மா, அன்னைக்கு இருநூறுக்கு ஏறி நின்னது உங்களுக்கு. 'அவளுக்குன்னு சொன்னா ஒரு நாள்கூடப் பத்தியம் இருக்க மாட்டா டாக்டர், எனக்குன்னு சொல்லுங்க, வீட்டையே மாத்திப்புடுவா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதது இவர்தான்."