விமானிகளின் பந்தி

அத்திம்பேர் சொன்னபடி செய்தால் தன் கணவனின் வேலை தப்பிவிடும் என்று ஹேமாம்புஜம் நினைத்துக்கொள்கிறாள். கையில் ரசம் நிறைந்த சாத்தமுதுப் பாத்திரம் சுடுகிறது. வேலைநிறுத்தம் செய்யும் விமானிகள் கூடத்தில் வரிசையாகச் சாப்பிடுகிறார்கள். ஒப்பந்தம் பற்றிக் கூடிப் பேசலாமென்று அவள் கணவன் முரளீதரன்தான் எல்லோரையும் சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறான். முற்றத்து வெயில் வெள்ளைச் சட்டைகளில் விழுகிறது. எதிர்வீட்டுத் தறி ஓயாமல் தட்டுகிறது. "கேப்டன், ரசம் ரன்வேயத் தாண்டிக்கினு போவுதுபா, சோத்தால அணை கட்டு!" என்று ஒருவர் கத்த, பக்கத்து இலைப் பஞ்சாப்காரர் பதறித் தன் இலையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். முரளி வாய்விட்டுச் சிரிக்கிறான். அவன் இப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

அவள் அக்காவின் கணவர், விமானக் கம்பெனி அதிகாரியான அத்திம்பேர் அழகியமணவாளன் நடையில் நின்றபடி கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறார். "முரளி இன்னிக்கே வேலைக்குத் திரும்பிட்டான்னா இவனை மட்டும் விட்டுடுவா, ஹேமா. மத்தவாளுக்கெல்லாம் வேலை போயிடும். சத்தமில்லாம எழுப்பி அனுப்பு."

அவள் பந்தியைத் திரும்பிப் பார்க்கிறாள். பந்தியில் ஒருவர் பாதியில் எழுந்துவிட்டால், மற்றவர்களும் இலையில் இருப்பதை அப்படியே விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம். பஞ்சாப்காரர் அவளை நிமிர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று கையைக் குவிக்கிறார்.

"எல்லாரும் சாப்பிட்டு எழுந்துக்கட்டும், அத்திம்பேர். அவரை மட்டும் நான் எழுப்ப மாட்டேன்" என்கிறாள் மெல்ல.